நஃபனுவா கூம்புக்கு நீர்மூழ்கிக் கலத்தில் போவது: உச்சியில் இறங்குவதா, அடிவாரத்திலா?

செவ்வந்தி
வணக்கம். கடல்சார் புவியியல் வகுப்புக்காக ஒரு மாதிரி டைவ் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் அமெரிக்க சமோவாவில் உள்ள வைலுலுவு கடலடி எரிமலை. 2001 வரைபடத்தில் இல்லாமல் 2005இல் எரிமலை வாய்க்குள் முளைத்து நின்ற நஃபனுவா கூம்புதான் இலக்கு. வாயின் தரை சுமார் 1000 மீட்டர் ஆழம், கூம்பின் உச்சி 700 மீட்டர் சொச்சம். கலம், அப்போது அங்கே போன அதே பைசீஸ் 5: ஆழ எல்லை 2000 மீட்டர், உள்ளே மூன்று பேர்.

உச்சியில் இறங்கி, சரிவோடு கீழே போனால் பேட்டரி மிச்சமாகும் என்று தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்த டைவ் பதிவுகள் எல்லாமே கீழிருந்து மேலே ஏறுகின்றன. ஏன்? அடியில் எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? கல்லும் வெந்நீரும் எடுப்பதற்கு என்ன வரிசை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழிமுகில்
பேட்டரிக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். ஏறித்தான் போக வேண்டும், அதற்கு முதல் காரணம் கண். இந்த வகைக் கலங்களில் பார்வைச் சாளரங்கள் முன்பக்கமும் சற்றுக் கீழ்நோக்கியும் இருக்கும். ஏறும்போது சரிவு சாளரத்துக்கு நேரே நிற்கும், இயந்திரக் கைக்கும் எட்டும். இறங்கும்போது முன்னால் வெறும் கறுப்புத் தண்ணீர், பாறை கலத்தின் வயிற்றுக்குக் கீழே. பின்னோக்கி இறங்கினால் பாறை முன்னால் இருக்கும், ஆனால் வால் எதில் மோதப்போகிறது என்பது தெரியாது.

அடுத்தது புழுதி. புதிய கூம்பின் மேல் சாம்பலும் நொறுங்கிய கண்ணாடித் துகளும் தளர்வாகக் கிடக்கும். த்ரஸ்டர் காற்றாடி கொஞ்சம் தட்டினாலே அது கிளம்பிச் சரிவில் கீழே ஓடும். ஏறிக்கொண்டிருந்தால் புழுதி உங்களுக்குப் பின்னால் போகும். இறங்கினால் நீங்களே கிளப்பியதற்குள் நீங்களே போவீர்கள்.

உருளும் கல்லும் அப்படித்தான். தளர்ந்த சரளை 30 முதல் 35 டிகிரி சாய்வில்தான் நிற்கும், அதைத் தாண்டினால் சரியும். மேலே உள்ள கல்லைப் பிடுங்கிவிட்டுக் கீழே போனால், அந்தக் கல் வருகிற பாதையில்தான் நிற்கிறீர்கள். ஏறும்போதும் கைக்கு மேலே உள்ள கல்லைத் தொடாதீர்கள். மூக்கு மட்டத்திலோ அதற்குக் கீழேயோ உள்ளதை மட்டும் எடுங்கள்.

பிதுங்கி நிற்கும் பாறை வேறு ஒரு தொல்லை. ஏறும்போது மேலே சோனாரைத் திருப்பி, திறந்த தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவசரத்தில் எடையைக் கழற்றினால் கலம் நேரே மேலே போகும், அங்கே கூரை இருக்கக் கூடாது.

நேரக் கணக்கு: நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் இறக்கம் என்று வைத்தால் 1000 மீட்டருக்கு 33 நிமிடம். ஏற்றத்துக்கும் ஏறக்குறைய அதே. 8 மணி நேர டைவில், கடலில் இறக்குவது, சரிபார்ப்பு, கடைசியில் கொக்கி மாட்டித் தூக்குவது எல்லாம் போக அடியில் 6 மணி நேரம் கிடைத்தால் நல்லது. 300 மீட்டர் உயரம், 30 டிகிரி சாய்வு என்றால் சரிவின் நீளம் 600 மீட்டர். அரை நாட் வேகம் நிமிடத்துக்கு 15 மீட்டர். ஆக வெறும் பயணம் 40 நிமிடம்தான். நேரத்தைத் தின்பது நிறுத்தங்கள்: ஒரு கல்லுக்கு 15 முதல் 20 நிமிடம், வெந்நீருக்கு அதைவிடக் கூட. பத்து நிறுத்தத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

பேட்டரியும் இதில் அடங்கிவிட்டது. சரிவு ஏற த்ரஸ்டரை முழுக்க நம்புவதில்லை. அடியில் இறங்குவதற்கு எடுத்துப்போன இரும்பு எடையைக் கழற்றி, பிறகு மாறு பாலாஸ்ட் தொட்டியிலிருந்து கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி மிதப்பைச் சரி செய்தால் கலம் தானாகவே லேசாக மேலே வரும். மின்சாரத்தைத் தின்பது விளக்குகளும், நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதும்தான்.

கரும்பாறை
ஆழிமுகில் சொன்னதோடு வரைபடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலின் மல்டிபீம் சோனாரில் (பல ஒலிக்கற்றைகளால் கடலடியை வரையும் கருவி) ஒரு கற்றையின் அகலம் 1 டிகிரி என்றால், 1000 மீட்டர் ஆழத்தில் அது தரையில் சுமார் 17 மீட்டர் வட்டத்தை ஒரே புள்ளியாகக் காட்டும். அதாவது 10 மீட்டர் பாறைத் தூணும் வெடிப்பும் அதில் தெரியவே தெரியாது. தானியங்கிக் கலத்தை அடியிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் ஓட்டினால் 1 மீட்டர் துல்லியம் கிடைக்கும். அது இல்லாவிட்டால் திட்டத்தில் பாதையை ஒரு கோடாக வரையாமல் 50 மீட்டர் அகலப் பட்டையாக வரையுங்கள்.

வரைபடம் எந்த ஆண்டினது என்பதும் முக்கியம். 4 ஆண்டுக்குள் 300 மீட்டர் வளர்ந்தது என்றால் சராசரியாக நாளுக்கு 20 சென்டிமீட்டர்! எதிர்ப்பக்கமும் நடக்கும். ஹவாய்க்குத் தென்கிழக்கே உள்ள லோயிஹியில் (2021 முதல் கமாஎஹுவாகனலோவா என்று பெயர்) 1996 ஜூலை, ஆகஸ்டில் 4000க்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் பதிவாகின. வெந்நீர் ஊற்றுகள் இருந்த மேடு அப்படியே உள்ளே விழுந்து, சுமார் 600 மீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் உள்ள குழியானது. பழைய வரைபடத்தோடு போனால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்துச் சுவர். அந்த ஆண்டு அங்கே இறங்கிய கலங்களுக்குப் பெரிய இடைஞ்சல், தண்ணீரில் மிதந்த பாக்டீரியாப் படலத் துண்டுகள்.

வைலுலுவுவில் இன்னொன்று கவனியுங்கள். எரிமலை வாயின் விளிம்பில் உள்ள தாழ்ந்த இடங்களுக்குக் கீழே உள்ள தண்ணீர் வெளியே ஓடாமல் தேங்குகிறது. கூம்பைச் சுற்றியுள்ள அகழி கலங்கலாக இருக்கும், அடியில் செத்த மீன்கள் கிடக்கும். கூம்பின் உச்சியோ அந்த மட்டத்துக்கு மேலே, ஓரளவு தெளிந்த நீரில். அங்கேதான் பாறை இடுக்குகளில் விலாங்குகள் கூட்டமாக வாழ்கின்றன. 2005இல் போனவர்கள் அதற்கு விலாங்கு நகரம் என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே டைவின் முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்டக் குருட்டு நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சோனாரை 50 மீட்டர் எல்லையில் வைத்து, விளக்குகளைச் சாளரத்திலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நீட்டிய கம்பங்களில் மட்டும் எரிய விட்டால், கலங்கல் நீர் ஒளியைத் திருப்பி அடிப்பது குறையும்.

கல் எடுப்பது: பெரிய தலையணை லாவாவை (தண்ணீருக்குள் உருண்டையாக இறுகிய லாவா) உடைக்கப் பார்க்காதீர்கள். அதன் ஓரத்தில் முளைத்திருக்கும் சிறு குமிழ்களும் உடைந்து விழுந்த சில்லுகளும் போதும். வேண்டியது மேல்தோலில் உள்ள 1, 2 சென்டிமீட்டர் கண்ணாடி. கறுப்பாகப் பளபளத்தால் புதிது. பழுப்பேறியிருந்தால் கடல்நீர் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கல்லும் எண்ணிட்ட தனி அறைக்குள் போக வேண்டும். ஆழம், நேரம், கலம் பார்த்த திசை மூன்றையும் குரல்பதிவில் சொல்லிவிடுங்கள்.

எடையையும் மறக்காதீர்கள். 10 கிலோ பசால்ட் தண்ணீருக்குள் ஆறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதே அளவு நீரை பாலாஸ்டிலிருந்து வெளியே தள்ளினால்தான் கலம் மூக்கைக் குத்தாது.

கண்ணாடி புதிதாக இருந்தால் ஆய்வகத்துக்கு உடனே அனுப்புங்கள். வெடிப்பின்போது பொலோனியம் 210 வாயுவோடு போய்விடும், பிறகு ஈயம் 210இலிருந்து மறுபடி சேரும். அரை ஆயுள் 138 நாள். அந்தச் சேர்க்கையை அளந்துதான் லாவா எப்போது வந்தது என்று வாரக் கணக்கில் சொல்கிறார்கள். லோயிஹியில் 1996இல் செய்தது இதுதான். ஓரிரு ஆண்டு கிடங்கில் கிடந்தால் அந்தக் கடிகாரம் நின்றுவிடும்.

செவ்வந்தி
இருவருக்கும் நன்றி. பாதையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வெந்நீர் ஊற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? வாயுக் குமிழிகள் கலத்தை என்ன செய்யும்?

வெந்நீர்மானி
முதலில் எவ்வளவு சூடு இருக்க முடியும் என்று பாருங்கள். 700 மீட்டரில் அழுத்தம் சுமார் 70 பார். அங்கே தண்ணீர் 285 டிகிரிக்கு அருகே கொதித்துவிடும். 1000 மீட்டரில் 310க்குச் சற்று மேல். ஆக, ஆழமான கடல்முகடுகளில் வரும் 350 டிகிரி திரவ நீரை இங்கே எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கலத்தைக் கெடுக்க அவ்வளவு சூடு தேவையும் இல்லை. சாளரம் அக்ரிலிக். 100 டிகிரி பக்கம் போனாலே இளகும், அதற்கு வெகு முன்பே அழுத்தம் தாங்கும் பலம் குறையும். ஹைட்ராலிக் குழாய், கேபிள் உறை, மிதப்பு நுரை எல்லாம் அதே கதை. 1979இல் கிழக்கு பசிபிக்கில் ஆல்வின் கலம் கரும்புகை ஊற்றில் வெப்பமானியை நுழைத்தபோது அதன் பிவிசி கம்பி உருகிப்போனது. சாளரமும் அதே கலத்தில் சில அடி தள்ளித்தான் இருந்தது.

நல்ல வேளையாக வெந்நீர் மிக வேகமாகக் கலந்து ஆறும். துளையிலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் போனாலே சில டிகிரிதான். ஆபத்து முழுக்க நேர் மேலே. எனவே நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, துளைக்குக் கீழ்மட்டத்திலிருந்து அணுகுங்கள். கை மட்டும் நீளட்டும். ஊற்றுக்கு மேலே மிதந்து நிற்கவே கூடாது. சூடு மட்டும் காரணம் இல்லை: வெந்நீர் அடர்த்தி குறைந்தது, குமிழி கலந்த நீர் அதைவிடக் குறைந்தது. அதற்குள் நுழைந்ததும் கலத்தின் மிதப்பு குறைந்து ஊற்றின் மேலேயே உட்கார்ந்துவிடும். முன்பக்கச் சட்டத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டி, அதன் எண் பைலட் கண்ணில் படும்படி வையுங்கள்.

ஆழம் கூடினால் வாயு வேறு விதமாக விளையாடும். மரியானாவில் வடமேற்கு எய்ஃபுக்கு எரிமலையில், 1600 மீட்டரில், கரியமில வாயு திரவத் துளிகளாக வருகிறது. துளிகள் மேல் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் தோல் படிந்து, வாகனத்தின் அடியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அது மிதக்கும் பொருள், அதனால் கலம் தானாக எழும்பும். மேலே வரும்போது வாயுவாகி விரியும். மூடியைக் காற்றுப்புகாமல் இறுக்கிய பெட்டி இருந்தால் வெடிக்கும். சாதாரண மாதிரிப் பெட்டிக்கு ஒரு துளை விடுங்கள்.

நீர் எடுக்க டைட்டானியம் ஊசிக்குழல் வகைதான் நம்பகம்: ஒவ்வொன்றும் 755 மில்லிலிட்டர், ஒரே மூக்குக் குழாயில் இரண்டு. மூக்கைத் துளைக்குள் நுழைத்து, வெப்பமானி ஏறி நிலையாக நிற்கும் வரை காத்திருந்து பிறகு விசையைத் தட்டுங்கள். அவசரப்பட்டால் கடல்நீரைத்தான் கொண்டுவருவீர்கள். எவ்வளவு கலப்படம் என்பதை மெக்னீசியம் சொல்லும்: கடல்நீரில் கிலோவுக்கு சுமார் 53 மில்லிமோல், சுத்தமான வெந்நீரில் பூஜ்யம். வாயு அளவு வேண்டுமானால் அழுத்தம் காக்கும் தனிக் குப்பி வேண்டும், ஊசிக்குழலில் மேலே வரும் வழியிலேயே கசிந்துவிடும்.

கரும்பாறை
மெக்னீசியம் பூஜ்யம் என்பது கடல்முகட்டு ஊற்றுக்குப் பொருந்தும். எரிமலை வாயு நேரடியாகக் கலக்கும் அமில ஊற்றுகளில், மரியானாவின் வடமேற்கு ரோட்டா 1 கடலடி எரிமலை போன்ற இடங்களில், அமிலம் பாறையையே கரைத்து மெக்னீசியத்தைச் சேர்த்துவிடும். பூஜ்யத்துக்கு நீட்டிக் கணக்குப் போட்டால் தப்பாகும். பிஎச் எண்ணையும் சல்பேட்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்படிப்பட்ட இடங்களில் உருகிய கந்தகத் துளிகளும் வரும், கருவி மேல் படிந்து இறுகும். வெப்பமானி முனையைக் கந்தகம் மூடினால் அது காட்டுவது கந்தகத்தின் சூட்டைத்தான்.

வெந்நீர்மானி
ஒப்புக்கொள்கிறேன், கரும்பாறை. செவ்வந்தி, நஃபனுவாவுக்கு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வையுங்கள்.

சோனார்மணி
யாரும் தொடாத ஒரு பகுதி, வழிகாட்டல். காந்தத் திசைகாட்டியை நம்பாதீர்கள். புதிய பசால்ட்டில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருப்பதால் பாறைக்கு அருகே முள் தாராளமாகப் பொய் சொல்லும். காந்தத்தை நம்பாமல் திசை காட்டும் ஒளியிழை கைரோ வேண்டும். தாய்க்கப்பலிலிருந்து ஒலி வழியாகக் கலத்தின் இடத்தைக் கணிக்கும்போது, எரிமலை வாயின் சுவர்களில் எதிரொலித்து இரண்டு மூன்று பொய்ப் புள்ளிகள் தெரியும். திடீரென்று 40 மீட்டர் தாவினால் அது கலம் நகர்ந்ததல்ல. அடித்தரையைப் பார்த்துக் கலத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவியோடு ஒப்பிட்டு வடிகட்டுங்கள். குமிழித் திரைக்குப் பின்னால் நீரடித் தொலைபேசியும் கேட்காது. எத்தனை நிமிடம் தொடர்பு அற்றால் எடையைக் கழற்றி மேலே வருவது என்பது டைவுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், அடியில் விவாதிக்கக் கூடாது.

உயிர்காப்பு: திட்டக் கணக்குக்கு ஒருவருக்கு மணிக்கு 25 முதல் 30 லிட்டர் ஆக்சிஜன், மூவருக்கு 90 லிட்டர் வரை. ஆக்சிஜன் குறைவதற்கு முன் கரியமில வாயு ஆளை மயக்கும், ஆகவே அதை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாவின் உபரியைத்தான் முதலில் எண்ணுங்கள். 1973இல் அயர்லாந்துக்கு அப்பால், இதே வகைக் கலமான பைசீஸ் 3 சுமார் 480 மீட்டரில் சிக்கி, இருவர் 76 மணி நேரம் உள்ளே கிடந்து மீண்டார்கள். கயிறு மாட்ட இன்னொரு பைசீஸும் ஒரு தொலை இயக்க வாகனமும் வந்ததால் முடிந்தது. ஹவாயில் பைசீஸ் 4, 5 இரண்டையும் சேர்த்து வைத்திருந்ததும் ஒன்று சிக்கினால் இன்னொன்று போவதற்காகத்தான். உங்கள் திட்டத்தில் அந்த இரண்டாவது வாகனத்துக்கு ஒரு வரி வேண்டும்.

கப்பலையும் யோசியுங்கள். 1952 செப்டம்பர் 24 அன்று, ஜப்பானின் மியோஜின்ஷோ கடலடி எரிமலை மேல் ஆய்வு செய்துகொண்டிருந்த ஐந்தாம் கையோ மாரு கப்பல் வெடிப்பில் அழிந்தது, 31 பேரும் இறந்தார்கள். டைவுக்கு முந்தைய நாட்களின் ஹைட்ரோஃபோன் (நீரடி ஒலிவாங்கி) பதிவில் தொடர் அதிர்வு இருந்தால் டைவ் ரத்து.

செவ்வந்தி
கடைசியாக ஒன்று. சென்னையில் என்ஐஓடி (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) செய்துவரும் மத்ஸ்யா 6000 கலத்தை வைத்து இதே திட்டத்தை அந்தமான் கடலுக்கு மாற்றி எழுதலாமா?

ஆழிமுகில்
எழுதலாம். பாரன் தீவைச் சுற்றியும் அந்தமான் கடலின் மற்ற இடங்களிலும் கடலடி எரிமலைகள் உண்டு, கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் வரைந்திருக்கிறார்கள். 6000 மீட்டர் தாங்கும் டைட்டானியம் கோளத்துக்கு இந்த ஆழம் ஒரு பொருட்டே இல்லை. உட்புற விட்டம் 2.1 மீட்டர், மூன்று பேர், 12 மணி நேர வேலை, 96 மணி நேர அவசர இருப்பு, எல்லாம் போதும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

திட்டத்தில் மாற்ற வேண்டியது இரண்டு. பாரன் தீவு 1991 முதல் அடிக்கடி வெடிக்கும் எரிமலை, அதனால் முதல் சுற்று ஆளில்லாத தொலை இயக்க வாகனத்துக்குப் போகட்டும், என்ஐஓடியிடமே ரோசப் 6000 இருக்கிறது. இரண்டாவது, சாம்பல் அதிகம் விழும் சரிவு என்பதால் லாவாவில் உட்கார்வது போல் கலத்தைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது. ஒரு மீட்டர் மேலே மிதந்தபடி, அள்ளும் பையால் சாம்பலை எடுங்கள். அதற்கு ஒரு நிறுத்தத்துக்கு 20 நிமிடம் போதாது, 30 என்று போடுங்கள். பத்து நிறுத்தத்தை ஏழாகக் குறையுங்கள்.