கார்ட்ரிட்ஜ் சிப் ரீசெட்டர்: யாரை நம்பி வாங்குவது?

குடியாத்தம் ஸ்டூடியோ:

வணக்கம். கணவரும் நானும் குடியாத்தத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சின்ன ஸ்டூடியோ நடத்துகிறோம். படம் எடுப்பது அவர், பிரிண்ட் போடுவது நான். எங்களிடம் இருப்பது எப்சன் 1390 பிரிண்டர். ஆறு நிறம், ஆறு கார்ட்ரிட்ஜ். தீர்ந்து போகும்போதெல்லாம் கம்பெனி கார்ட்ரிட்ஜ் வாங்கினால் கட்டுப்படியாகாது. கார்ட்ரிட்ஜில் மை எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வைப்பது அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சிப். சிரிஞ்சால் மை ஏற்றி, மறுபடி நிறைந்ததாகக் காட்டும்படி அந்தச் சிப்பை ரீசெட்டர் என்ற சின்னக் கருவியால் ரீசெட் செய்துதான் இத்தனை நாளும் ஓட்டினோம். சித்திரையில் அந்த ரீசெட்டர் பழுதாகிவிட்டது.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 650 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் படங்களின் நெருக்கடியில் பெட்டியைப் பிரிக்கவே பத்து நாள் ஆகிவிட்டது. சிப்பின் மேல் வைத்து அழுத்தினால் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, பச்சை வருவதே இல்லை. திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடுவாம். பெட்டியில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பாரில்லை. பில்லும் வைக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கிறது. 340 அடையாள அட்டைகளுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொன்ன தேதியில் அட்டையைக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் தூங்க விடவில்லை. வேலூரில் நேரில் வாங்குவதா, சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதா, மறுபடியும் இணையத்திலா? விற்பவரை நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள்?

சத்துவாச்சாரி வாசகர்:

இணையத்தில் வாங்கினால் நட்சத்திரங்களை எண்ணாதீர்கள், கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். நான் பார்த்த ஒரு ரீசெட்டர் பக்கத்தில் இருந்த பாராட்டுகளில் பாதி, செல்போன் உறையைப் பற்றியவை. பழைய பொருளின் பக்கத்திலேயே புதிய பொருளை ஏற்றிவிடுகிறார்கள். வாங்கியவர் தன் பிரிண்டரின் பெயரையும் கார்ட்ரிட்ஜ் எண்ணையும் குறிப்பிட்டு எழுதியிருந்தால் அதை மட்டும் நம்பலாம்.

காட்பாடி சர்வீஸ்:

சகோதரி, அந்த ரீசெட்டரை வீசிவிடாதீர்கள். சிப்பின் பொன்னிறப் புள்ளிகளில் மை காய்ந்து படிந்திருந்தாலும் பச்சை வராது. பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு வைத்துப் பாருங்கள். அடுத்து, ரீசெட்டரின் ஊசிகளைத் தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உள்ளே போன ஊசி உடனே எழும்ப வேண்டும். ஒன்று சிக்கி நின்றாலும் சிப்பைப் படிக்க முடியாது. நெடுநாள் கிடந்த சரக்கில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி இறங்கிப்போயிருப்பதும் உண்டு.

இவ்வளவும் செய்து பார்த்தும் பச்சை வரவில்லை என்றால் பொருளில்தான் குறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஏழு நாள் தாண்டிவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழையுங்கள்.

இனி வாங்குவதைப் பற்றி. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கார்ட்ரிட்ஜ் எண்ணைக் கேட்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 'எல்லா எப்சனுக்கும் ஆகும்' என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். சிப்புக்குச் சிப் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறும். ஏழு ஊசி உண்டு, ஒன்பது ஊசி உண்டு. கம்பெனி அல்லாத சில கார்ட்ரிட்ஜ்களின் சிப்பை எந்த ரீசெட்டராலும் மாற்ற முடியாது. இதையெல்லாம் அறிந்தவர் கேள்வி கேட்காமல் பொருளை எடுத்து நீட்டமாட்டார்.

உங்கள் அவசரத்துக்கு நேரில் வாங்குவதுதான் நல்லது. காலியான கார்ட்ரிட்ஜ் இரண்டை பிளாஸ்டிக் உறையில் கட்டி எடுத்துப் போங்கள். கடை மேசையிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரீசெட்டர் பெட்டியைப் பிரிக்கவே கூடாது என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். பச்சை விளக்கு வந்தால் மட்டும் போதாது, பிரிண்டரில் மாட்டிய பிறகு மை அளவு நிறைந்ததாகக் காட்ட வேண்டும். அதனால் 'வேலை செய்யாவிட்டால் மாற்றித் தரப்படும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

இவை பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்பது அச்சாகியிருக்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் இலக்கமும் ஆங்கில எழுத்துமாக 15 இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் யார் பெயரில் இருக்கிறது, பதிவு நடப்பில் உள்ளதா என்று யாரும் பார்க்கலாம். சின்னக் கடையில் அந்த எண் இல்லாமலும் இருக்கலாம், அதற்காக அவரை மோசக்காரர் என்று சொல்லமாட்டேன்.

ஆம்பூர் ஜெராக்ஸ்:

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் எப்சன் எல்3150 பிரிண்டரில், கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வருகிறது. 'எல் வரிசை முழுவதற்கும்' என்று ஒருவர் ரீசெட்டர் விற்கிறார். வாங்கலாமா?

காட்பாடி சர்வீஸ்:

வாங்காதீர்கள் தம்பி. எல்3150-இல் கார்ட்ரிட்ஜே கிடையாது, நாம் புட்டியிலிருந்து மை ஊற்றுகிறோம். கழிவு மைக் கணக்கு பிரிண்டரின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. அதை மென்பொருளால்தான் அழிக்க முடியும், கூடவே பஞ்சையும் மாற்ற வேண்டும். பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால் மை வழிந்து மேசைக்கு வந்துவிடும்.

குடியாத்தம் சகோதரிக்கும் இது உதவும். கடைக்காரரிடம் 'இது எல்3150-க்கும் ஆகுமா' என்று கேட்டுப் பாருங்கள். 'ஆகும்' என்றால் கிளம்பிவிடுங்கள்.

குடியாத்தம் ஸ்டூடியோ:

அண்ணா, ஊசி எல்லாம் எழும்புகிறது, சிப்பையும் துடைத்தேன், பச்சை வரவில்லை. நேற்று வேலூர் போனேன். லாங் பஜார் பக்கம் முதல் கடையில் எல்3150-க்கும் ஆகும் என்றார்கள், வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் சரக்கு இல்லை. மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "1390-ஆ? கார்ட்ரிட்ஜ் கொண்டு வந்தீர்களா அம்மா?" என்று கேட்டார். உறையைப் பிரித்துக் கொடுத்தேன். எல்3150 பற்றியும் கேட்டேன். "அதில் சிப் எங்கே இருக்கிறது?" என்றார். கறுப்புக் கார்ட்ரிட்ஜை வைத்து அழுத்தினார். சிவப்பு சில முறை சிமிட்டி, பச்சை நின்று எரிந்தது. 800 ரூபாய். பத்து நாளுக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆறிலும் மை ஏற்றி ரீசெட் செய்தேன். ஆறுமே நிறைந்ததாகக் காட்டுகிறது. மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் செக் பிரிண்டில் இளஞ்சிவப்பில் மட்டும் இரண்டு கோடுகள் விட்டிருந்தன, மை தெளிக்கும் ஹெட்டை ஒருமுறை சுத்தம் செய்ததும் சேர்ந்துவிட்டன. இன்று மதியத்துக்குள் 60 அட்டைகள் முடிந்தன. 1915-இல் புகார் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அந்த விற்பனையாளரிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.