காலக்கோடு சொல்லித்தர வழி வேண்டும்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. சமூக அறிவியலில் குடும்பம், அக்கம்பக்கம், திசைகள் என்று கீழ் வகுப்புப் பாடங்கள் சிக்கலில்லாமல் போகின்றன. வரலாறு தனிப் பாடமானதும்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

முதலில் நூற்றாண்டு. 1789-ஐ 17-ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடுகிறார்கள். முதல் இரண்டு இலக்கத்தை அப்படியே எடுப்பதுதான் காரணம். 1 முதல் 100 வரை முதல் நூற்றாண்டு என்று எண்ணிக்கொண்டே வரவைத்தால் 18 என்று சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் 1800-ஐக் கேட்டால் 19 என்கிறார்கள்! அதுவும் 18-தான்.

அடுத்தது கி.மு. எதிர்ம எண்களைப் படிக்குமுன்பே இது வந்துவிட்டால் கி.மு. 300-க்குப் பிறகு கி.மு. 200 வருவது பிடிபடுவதில்லை. சுழியம் ஆண்டு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்: கி.மு. 50 முதல் கி.பி. 50 வரை 99 ஆண்டுகளே.

10 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று காகிதப் பட்டை ஒட்டினால் 5,000 ஆண்டுக்கு 5 மீட்டர். நீளமான சுவரில் அடங்கும். ஆனால் கடைசி 200 ஆண்டு 20 செ.மீ.க்குள் நெருக்கியடித்து, எழுத இடமே இருக்காது. அந்தப் பகுதியை மட்டும் ஆண்டுக்கு 1 செ.மீ. என்று பெரிதாக்கினால் அதுவே 2 மீட்டர் ஆகிவிடுகிறது. அண்மைக்காலம்தான் மிக நீண்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு அளவையும் ஒரே சுவரில் குழப்பமில்லாமல் காட்டுவது எப்படி? வரைபட அளவுகோலை நடத்திய பிறகு இதைத் தொடங்குவது நல்லதா? கி.மு. கணக்குக்குப் பயிற்சித்தாள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.