பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும் ஊசி ஈயை ஒழிக்கக் குளவி விட்டவர்கள் இருக்கிறீர்களா?

குரோம்பேட்டைவாசி:
கல்லூரி லேப்பில் நடந்தது. பட்டுப்புழுக்கள் கடைசியான ஐந்தாம் பருவத்தில் இருந்தன, ஜன்னலுக்கு வலையும் போட்டிருந்தோம். அப்படியும் சில புழுக்களின் தோலில் கடுகளவு கறுப்புத் தழும்பு. ஊசி ஈயின் புழு உள்ளே துளைத்துப் போன அடையாளம் அது. ஓசூர் பக்கத்திலிருந்து நெசோலிங்க்ஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவிப் பொட்டலம் வரவழைத்து, சாயங்காலம் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். எறும்பை விடச் சிறிய குளவிகள். சுவரோரம் கிடந்த ஈக் கூட்டுப்புழு ஒன்றின் மேல் ஒரு பெண் குளவி ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்துக் குத்தி நின்றது. பென்சில் முனையால் தொட்டேன், அசையவே இல்லை. பிறகு அதே கூட்டைத் தனியாகப் போட்டு வைத்தோம். ஈ வரவில்லை. சின்னத் துளை வழியாக டஜன் கணக்கில் குளவிகள்தான் வந்தன.

அம்பத்தூர் மச்சான்:
நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் தழும்பு விழுந்த புழுவை அந்தக் குளவி காப்பாற்றியதா? இல்லையே! அது அடிப்பது ஈயின் கூட்டுப்புழுவை. பலன் அடுத்த முறை வளர்க்கும் பட்டுப்புழுவுக்குத்தான்.

பெரம்பூர் மாமி:
என் அண்ணன் தேன்கனிக்கோட்டையில் பட்டுப்புழு வளர்க்கிறார். ஒரு முறை பட்டுக்கூட்டைத் துளைத்துக்கொண்டு ஈப்புழு வெளியே வந்தது. துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது, விலையும் போகாது. அவ்வளவுதான் என் கதை.

இனிமேல் விடுபவர்கள் கேளுங்கள். 100 முட்டைத்தொகுதிக்கு (ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டைகள் ஒரு தொகுதி) ஒரு லட்சம் குளவி என்பார்கள். மொத்தமாகக் கொட்டாமல் நான்காம் பருவம், ஐந்தாம் பருவம், சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டி) ஏற்றிய பிறகு என்று மூன்று தவணையாக விடணும். கடைசித் தவணைதான் பெரிசு. பொட்டலம் தொங்கும் அறையில் பூச்சிமருந்து வாசனைகூட வரக்கூடாது, புழுவும் போகும் குளவியும் போகும். தரை இடுக்கில் விழும் ஈப்புழுவைக் கூட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அறுவடை முடிந்ததும் பொட்டலத்தை எருக்குழிப் பக்கம் மாற்றிவிடுங்கள், ஈக் கூட்டுப்புழு அங்கேயும் கிடக்கும். வலையை அவிழ்க்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும் விட வேண்டும், இல்லாவிட்டால் ஈ அங்கிருந்து வரும்.

அம்பத்தூர் மச்சான்:
மாமி, பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னது சரிதான். 1980 வாக்கில் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகா வந்து சேர்ந்த ஈ அது. பக்கத்து வீடு அதுக்கு என்ன தூரம்?

வேளச்சேரி ரேவதி:
குளவி என்றதும் அம்மா பொட்டலத்தை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். ஆளைக் கொட்டுமா?

குரோம்பேட்டைவாசி:
கொட்டாது அக்கா, என் கையிலேயே ஊர்ந்தது. மச்சான், நான் பலனைப் பற்றிப் பேசவே இல்லை. பென்சிலால் தொட்டும் நகராமல் நின்றதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.