கழுத்துக் கதிர்வீச்சு: வாய் வறளாமல் முன்கூட்டியே காக்க இயலுமா?

கேள்வி:
என் தந்தைக்கு வலப்பக்க டான்சிலில் புற்றுநோய் இருப்பதால் 35 முறை கதிர்வீச்சு கொடுக்க முடிவாகியுள்ளது. முகத்துக்கு மாஸ்க் செய்து, சி.டி. ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, சிகிச்சை பத்து நாளில் தொடங்கும். வாய் வறண்டால் செயற்கை உமிழ்நீர் தருவோம் என்கிறார்கள். வறண்ட பின் தருவது இருக்கட்டும். வறளாமலே காக்க இப்போது செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில் 1:
நான் கதிர்வீச்சுத் துறையில் இயற்பியலாளர். சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உமிழ்நீர் மிஞ்சுமா என்பது பெரும்பாலும் முதல் நாளுக்கு முன்பே, கணினியில் பிளான் போடும்போதே முடிவாகிவிடுகிறது. காதுக்கு முன்புறம் உள்ள இரு பரோடிட் என்னும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஒன்றுக்காவது சராசரி அளவு 20 கிரேக்குக் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழ், அல்லது இரண்டுக்குமே 25 கிரேக்குக் கீழ் இருந்தால் கடும் வறட்சியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இதற்கு உதவுவது, கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கட்டியின் வடிவத்துக்கேற்பச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறை. பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வறட்சி பழைய முறையில் 74 சதவீதத்தினருக்கும், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதத்தினருக்கும் இருந்தது. ஆகவே முழுப் பாதுகாப்பு என்று யாரும் உறுதி தர முடியாது. "இடப்பக்கப் பரோடிட்டுக்கு எத்தனை கிரே?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலப்பக்கத்தை வற்புறுத்த வேண்டாம்; சுரப்பியைக் காக்கப்போய்க் கட்டிக்குப் போதிய அளவு சேராமல் போய்விடக் கூடாது.

பதில் 2:
உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்கத் தரப்படும் அமிஃபோஸ்டின் ஊசி பற்றியும் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1999இலேயே இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கதிர்வீச்சுக்கும் சற்று முன் நரம்பில் ஏற்ற வேண்டியிருப்பதாலும், வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் ஏற்படுவதாலும் பலர் அதை நாடுவதில்லை. உமிழ்நீர் சுரப்பைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின்னரே பயன்படுகிறது. கட்டுக்குள் வராத ஆஸ்துமா இருந்தால் கூடாது.

பதில் 3:
இதே சிகிச்சையை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் வாரத்தில் எச்சில் பசைபோல் இழுபட்டது. இட்லியைக்கூட ரசத்தில் கரைத்தால்தான் விழுங்க முடிந்தது. இன்றும் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் படுப்பதில்லை. பல் மருத்துவரை மட்டும் இந்த வாரமே பாருங்கள். உமிழ்நீர் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், பிடுங்க வேண்டியதை இப்போதே பிடுங்கிப் புண் ஆற நாள் கொடுக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

கேட்டவர்:
நன்றி. இன்று விசாரித்தேன்: ஐ.எம்.ஆர்.டி.தான், இடப்பக்கம் 19 கிரே வரும் என்றார்கள். வலப்பக்கம் நெறிக்கட்டியை ஒட்டியிருப்பதால் குறைக்க இயலாதாம். பல் மருத்துவரிடம் நாளை காலை செல்கிறோம்.