பூம்புகார் மண்டபம்: என் மறுப்பும் ஒரு மாற்று யோசனையும்

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

பூம்புகாரில் நம் ஊர்ப் பெயரில் கிரானைட் மண்டபம் எழுப்பப் புள்ளிவரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரி) போடலாம் என்று கோலாலம்பூர் அண்ணன் எழுதியிருந்தார். வரி கொடுக்க நான் தயார். மண்டபம்தான் வேண்டாம் என்கிறேன்.

பூம்புகார் என்கிற காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து செட்டிநாட்டுக்கு வந்தவர்கள் நகரத்தாராகிய நாம் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆடியில் அங்குள்ள பல்லவனீச்சுரம் கோயிலில் நடக்கும் பட்டினத்தார் விழாவுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம், பஸ் ஏறிவிடுகிறோம். கோயிலை ஒட்டியிருக்கும் புத்த விகாரையின் அடித்தளத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பக்கத்துக் கீழையூரில் மத்தியத் தொல்லியல் துறை 1960-களில் செங்கல் படகுத்துறை ஒன்றை அகழ்ந்தெடுத்தது. படகு கட்டும் மரத்தூண்களும் கிடைத்தன. கார்பன் கணிப்பில் அவற்றின் காலம் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வந்தது. வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கம் இருக்கிறது. எந்தச் செங்கலிலும் நம் வீட்டு விலாசம் பொறித்திருக்கவில்லை. அதற்காக நமக்குச் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது.

எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டுச் சுவரில் ஒரு பகுதிக்குச் சிமெண்ட் பூசினார்கள். பின்னால் ஈரம் தேங்கி, உப்புப் பூத்து, இப்போது விரலால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிர்கிறது. அதே சுவரில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்பு இன்னும் வழவழவென்று நிற்கிறது. கடலோரச் செங்கலுக்கும் இதே நோய்தான். உப்புநீரை உறிஞ்சுகிறது, வெயிலில் நீர் போய்விடுகிறது, உள்ளே தங்கிய உப்பு படிகமாகிப் பருத்துச் செங்கலின் மேல்முகத்தைப் பெயர்த்துவிடுகிறது. ஆகவே தோண்டித் திறந்து வைத்தால் மட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆகிவிடாது. மழைநீர் வடிய வழி வேண்டும். நலிந்த பகுதிகளை மறுபடி மண்ணிட்டு மூடி, மேலே அவற்றின் வடிவத்தை மட்டும் காட்டுவதும் உண்டு. இதெல்லாம் துறையின் வேலை. செங்கலில் நாம் கை வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டச் சட்டமும் இடம் தராது என்பதை மண்டபக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது வேறு. கீழையூர், வானகிரிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி, தமிழில் பிழையில்லாத விளக்கப் பலகைகள், துறை அனுமதித்தால் ஒரு காவலாளின் சம்பளம். நாம் வருஷத்துக்கு ஒருநாள் விருந்தாளிகள். ஆடு உள்ளே போகாமல் விரட்டுவதும், வெள்ளம் வந்தால் முதலில் பார்ப்பதும் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களைக் கேட்காமல் எதையும் தொடங்குவது வீண்.

கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டி 2023இல் திறந்தபோது இந்தக் குழுவில் குவிந்த பெருமைப் படங்கள் நினைவிருக்கிறதா? அந்த உற்சாகத்தில் பாதி போதும்.

இந்த ஆடிக்கு நேரில் போகிறவர்கள் பெயர் கொடுங்கள். விழா முடிந்த மறுநாள் கீழையூர்ப் பெரியவர்களைச் சந்திக்க வேண்டும். மண்டப வசூலை அதுவரை நிறுத்திவைக்கும்படி பொருளாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி, டொராண்டோ