பேச்சிழந்த அப்பாவின் மௌனம்

கேள்வி: ரங்கூனில் வசிக்கும் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நாங்கள் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் தேநீர் கேட்கக்கூடச் சொல் வராமல் மேசையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பர்மிய மொழி அறவே போய்விட்டது. இது கோபமா, மனச்சோர்வா?

பதில்: பேச்சிழப்பு அறிவிழப்பு அன்று. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. மனச்சோர்வும் அவர்களிடம் கூடுதல். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால், உறக்கம், பசி, அழுகை, ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றை நீங்களே கவனித்துக் குறித்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றொரு பதில்: என் மாமியாரை மிகவும் வதைத்தது, அவர் தேடும் சொல்லை நாங்கள் முந்திக்கொண்டு முடித்ததுதான். இப்போது கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் (பொறுமை எனக்கு இயல்பன்று). பேச வராதவர், தேவாரம் தொடங்கினால் பிசகாமல் கூடப் பாடுகிறார்.

கேட்டவர்: இன்று தேநீரையும் காப்பியையும் முன்னே வைத்தேன், காப்பியைத் தொட்டார்.