நந்தினியின் பெயர் கல்வெட்டில் எங்கே?

மணல்மேட்டான்:
போன வாரம் காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோவிலுக்குப் போனேன், உடையார்குடிக் கல்வெட்டைப் பார்க்கத்தான். எழுத்துப் பள்ளங்களில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "இதுல நந்தினி பேரு எங்கண்ணா?" என்றான். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள்தான் இருக்கின்றன. நந்தினி 'பொன்னியின் செல்வன்' நாவலுக்காகக் கல்கி படைத்தவள் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. சோழர் காலத்து அன்பில் செப்பேடு கிடைத்த கதையைக் கதைக்குள்ளேயே சொல்லிவிட்டு, அதே மூச்சில் நந்தினியையும் நடமாட விட்டால் வாசகன் எதை நம்புவான்?

வெண்ணாற்றுக்காரி:
அண்ணா, முதல் வரியிலேயே "கற்பனை ஓடத்தில்" ஏறச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்? ஏறியபின் படகோட்டியைக் குறை சொல்லலாமா? கடம்பூர் மாளிகை இருட்டில் கரிகாலன் விழுகிறான். யார் கை என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தானே ஏற்ற பிறகும் நாம் இன்னும் வாதாடுகிறோம். வாசகனைச் சந்தேகப்படப் பழக்கிய கதை இது.

மணல்மேட்டான்:
சந்தேகம் வரவேண்டிய இடத்தில் வரவில்லையே தங்கச்சி! வரலாற்றில், கொலைக்குப் பின் பட்டமேறிய உத்தம சோழர் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன். கொலையில் அவருக்குப் பங்கிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார். கல்கியோ ஒருவரை இருவராக்கி, பூத்தொடுக்கும் சாது சேந்தன் அமுதனை அரியணையில் ஏற்றிவிட்டார். அந்த ஐயம் எழவே வழியில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

சுவடிப்பிரியன்:
கல்லை மட்டும் முழுசாக நம்பிவிடுவீர்களா? உடையார்குடிக் கல்வெட்டிலுள்ள ஆணை ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வந்தது. கொலை நடந்து உத்தமர் ஆண்டு முடித்த பிறகு! அருண்மொழி, அதாவது ராஜராஜன், விரும்பியே உத்தமருக்கு அரியணையை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடு, அவர் மகன் ராஜேந்திரன் கொடுத்தது. அப்பாவைப் பற்றி மகன் வேறெப்படி எழுதச் சொல்வான்?

வெண்ணாற்றுக்காரி:
அதைத்தான் சொல்கிறேன். செப்பேட்டையும் எழுதச் சொன்ன ஆள் யாரென்று பார்த்துத்தானே படிக்கிறோம்? கல்கியையும் அப்படியே படிப்போம். சேந்தன் அமுதன் விஷயத்தில் அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 3 முறை படித்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆமாம், அந்தப் பையன் அப்புறம் என்ன செய்தான்?

மணல்மேட்டான்:
பிசுக்கைத் துடைத்துவிட்டு, ரவிதாசன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தான். 'ர'வைக் காட்டிக்கொடுத்தேன்.